நடுக்கடலில் குற்றம் நடந்தால் எந்த நீதிமன்றம்?

(சமூக அறிவியல் மன்றக் கட்டுரை)



சோலூரில் எந்த மேட்டில் ஏறி நின்றாலும் கடல் தெரியாது. தெரிவதெல்லாம் தேயிலைச் சரிவும், காரட் பாத்திகளும், மதியத்திற்குமேல் இறங்கி வரும் பனிமூட்டமுமே. ஆகவே எங்கள் மன்றம் இவ்வாண்டு ‘கடலும் சட்டமும்’ என்னும் பொருளை எடுத்துக்கொண்டபோது, “மலையில் இருக்கும் நமக்குக் கடல் எதற்கு?” என்று கேட்டவர்கள் பலர். நம் தேயிலை குன்னூர் ஏலத்தில் விலைபோய், மலையிறங்கிக் கொச்சித் துறைமுகம் சென்று, கப்பலேறுகிறது என்று விடை சொன்னோம். அவ்விடை எங்களுக்கே போதுமானதாகப் படவில்லை.

எட்டாம் வகுப்புத் தங்கை ஒருத்தி எழுந்து கேட்ட கேள்விதான் எங்களை உண்மையில் கடலுக்கு அழைத்துச் சென்றது. “சிஸ்டர், ஊட்டியில் திருட்டுப் போனால் ஊட்டி போலீஸ் ஸ்டேஷனில் எழுதி வைக்கிறோம். நடுக்கடலில் ஒருவரைச் சுட்டுவிட்டால் எந்த ஸ்டேஷனில் எழுதி வைப்பார்கள்?”

வகுப்பே சிரித்தது. சிஸ்டர் சிரிக்கவில்லை. “உட்காரம்மா. நீ கேட்ட கேள்விக்கு விடை தேடி இரண்டு நாடுகள் பல ஆண்டுகள் வழக்காடியிருக்கின்றன” என்றார்கள். அன்று தொடங்கிய எங்கள் தேடலின் பயனே இக்கட்டுரை.

அதிகார வரம்பு என்பது என்ன?

ஒரு குற்றத்தை விசாரித்துத் தீர்ப்பளிக்கும் உரிமை எந்த நாட்டிற்கு, எந்த நீதிமன்றத்திற்கு உண்டு என்பதையே அதிகார வரம்பு என்கிறோம். நிலத்தில் இது எளிது. உதகையிலிருந்து மைசூர் செல்லும் பேருந்து கக்கநல்லாச் சோதனைச் சாவடியைக் கடந்ததும் கருநாடக மாநிலத்திற்குள் சென்றுவிடுகிறது. சாவடிக்கு இப்பால் நடந்த குற்றம் தமிழ்நாட்டைச் சேரும். அப்பால் நடந்தது கருநாடகத்தைச் சேரும். ஓடும் பேருந்தில் நடந்து, எந்த இடத்தில் என்று தெரியாமற் போனாலும், பயணம் கடந்து வந்த வழியிலுள்ள நீதிமன்றங்களுள் ஒன்று விசாரிக்கலாம் என்று நம் சட்டம் வழி செய்திருக்கிறது. நிலத்தில் ஓரடி மண்ணும் ஏதேனும் ஒரு நீதிமன்றத்திற்கு உட்படாமல் இல்லை.

கடலில் எல்லைக்கல் நட முடியாது. நேற்றுக் கப்பல் நின்ற இடத்தை இன்று விரல் நீட்டிக் காட்டவும் முடியாது. அதனாலேயே உலக நாடுகள் கூடிக் காகிதத்தில் கோடுகள் வரைந்தன.

கடலில் வரைந்த கோடுகள்

முற்காலத்தில் கரையிலிருந்து பீரங்கிக் குண்டு எட்டும் தூரம்வரை கடல் அந்நாட்டு அரசருடையது என்ற எண்ணம் இருந்தது. அதிலிருந்தே 3 மைல் என்ற பழைய வழக்கம் வலுப்பெற்றது. இன்று நிலவுவது 1982 டிசம்பர் 10ஆம் நாள் ஜமைக்கா நாட்டின் மாண்டிகோ பே நகரில் கையொப்பமான ஐக்கிய நாடுகள் கடற்சட்ட உடன்படிக்கை. அது 1994இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 1995இல் அதனை உறுதி செய்தது. அதற்கு முன்பே, 1976இல், கடல் மண்டலங்கள் பற்றிய தனிச் சட்டத்தை நம் பாராளுமன்றம் இயற்றியிருந்தது.

ஒரு கடல் மைல் என்பது 1,852 மீட்டர். கோடுகளின் தூரத்தை மலைநாட்டுப் பிள்ளைகளாகிய நாம் மனத்தில் நிறுத்த, நமது மலை ரயிலையே அளவுகோலாகக் கொள்வோம். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைவரை அதன் பாதை ஏறத்தாழ 46 கிலோமீட்டர். மேட்டுப்பாளையமே கடற்கரை என்றும், ரயில் செல்லும் பாதையே கடல் என்றும் எண்ணிக்கொள்வோம்.

முதலாவது, ஆட்சிக் கடல். கரையின் அடிக்கோட்டிலிருந்து 12 கடல் மைல், அதாவது சுமார் 22 கிலோமீட்டர். நம் ரயில் கணக்கில் ரன்னிமேடு நிலையத்தைச் சற்றே தாண்டும் தூரம். இங்கே கரை நாட்டின் ஆட்சி நிலத்திற் போலவே நடக்கும். ஆனால் ஒரு விலக்கு உண்டு. எந்நாட்டுக் கப்பலும் எவருக்கும் தீங்கு செய்யாமல், நிற்காமல், இக்கடலைக் கடந்து செல்லலாம். இதனைத் தீங்கற்ற கடப்புரிமை என்பர்.

இரண்டாவது, அண்டைக் கடல். கரையிலிருந்து 24 கடல் மைல் வரை, சுமார் 44 கிலோமீட்டர். ரயில் லவ்டேலைத் தாண்டி உதகையை நெருங்கும் தூரம். சுங்கம், வரி, குடியேற்றம், சுகாதாரம் ஆகியவை பற்றிய சட்டங்களை மீறுவோரைத் தடுக்கவும் தண்டிக்கவும் கரை நாட்டிற்கு இங்கே அதிகாரம் உண்டு. நம் 1976ஆம் ஆண்டுச் சட்டம் நாட்டின் பாதுகாப்பையும் இவற்றோடு சேர்த்துக்கொண்டது.

மூன்றாவது, தனிப் பொருளாதார மண்டலம். இது 200 கடல் மைல், சுமார் 370 கிலோமீட்டர் வரை நீளும். நம் மலை ரயில் பாதையைப் போல எட்டு மடங்கு! இங்கே மீனும், எண்ணெயும், கடலடிச் செல்வமும் கரை நாட்டிற்கே உரியவை. ஆனால் கப்பல்கள் செல்லும் உரிமை எல்லோர்க்கும் பொது. வீட்டுத் தோட்டத்துக் கனி நம்முடையது. தோட்டத்தின் ஊடே செல்லும் ஊர்ப்பாதை ஊருக்குப் பொது என்பது போன்ற ஏற்பாடு இது.

அதற்கு அப்பால் இருப்பது பொதுக்கடல். அது எந்நாட்டிற்கும் சொந்தமன்று.

இரு நாடுகள் மிக அருகில் இருக்கும் இடங்களில் இந்தத் தூரங்கள் செல்லா. பாக் நீரிணையில் இந்தியாவும் இலங்கையும் 1974ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி நடுவே எல்லைக்கோடு ஒன்றை வகுத்துக்கொண்டன. இராமேசுவரம் மீனவர் வலை வீசிய பின்னும் அந்தக் கோட்டை நினைத்து அஞ்சுவது இதனால்தான்.

கப்பலின் கொடி

பொதுக்கடல் எவருக்கும் சொந்தமில்லை என்றால், அங்கே சட்டமே இல்லையோ? உண்டு. சட்டம் அங்கே கப்பலின் கொடியோடு பயணம் செய்கிறது. ஒரு கப்பல் எந்நாட்டில் பதிவாகி அந்நாட்டுக் கொடியை ஏற்றியிருக்கிறதோ, பொதுக்கடலில் அது அந்நாட்டுச் சட்டத்திற்கே உட்பட்டது. இந்தியக் கப்பலில் குற்றம் நடந்தால், அது எங்கே மிதந்தாலும் இந்திய நீதிமன்றம் விசாரிக்கலாம். ஒரு கப்பல் ஒரே கொடியின் கீழ்தான் செல்லலாம். வசதிக்கு ஏற்ப மாற்றி மாற்றி ஏற்றினால் அது கொடியற்ற கப்பலாகவே கருதப்படும்.

ஆனால் ஒரு கொடியின் கீழ் நின்று சுட்டவரும், மற்றொரு கொடியின் கீழ் விழுந்து இறந்தவரும் இருந்தால்? அத்தகைய வழக்கு ஒன்று நம் கரையோரத்திலேயே எழுந்தது.

செயின்ட் ஆன்டணி படகின் வழக்கு

2012 பிப்ரவரி 15ஆம் நாள் மாலை. கேரளக் கரையிலிருந்து 20.5 கடல் மைல் தொலைவில் ‘செயின்ட் ஆன்டணி’ என்னும் மீன்பிடிப் படகு இருந்தது. தமிழ்நாட்டில் பதிவான படகு அது. அதில் 11 பேர் இருந்தனர். அவ்வழியே இத்தாலிக் கொடியுடன் ‘என்ரிகா லெக்ஸி’ என்னும் எண்ணெய்க் கப்பல் சென்றது. கடற்கொள்ளையரிடமிருந்து காப்பதற்காக அக்கப்பலில் இத்தாலியக் கடற்படை வீரர்கள் இருந்தனர். படகைக் கொள்ளையர் படகு என்று எண்ணிச் சுட்டதாக அவர்கள் தரப்பில் கூறப்பட்டது. படகில் இருந்த இரு மீனவர் உயிரிழந்தனர். ஒருவர் கொல்லத்தைச் சேர்ந்தவர். மற்றவர் நம் கன்னியாகுமரி மாவட்டத்து இளைஞர். புனித அந்தோணியாரின் பெயரைத் தாங்கிக் கடலுக்குச் சென்ற படகு, இரு உடல்களுடன் கரை திரும்பியது.

எட்டாம் வகுப்புத் தங்கையின் கேள்விக்கு இங்கே நேரடியான விடை கிடைக்கிறது. புகார் பதிவானது கொல்லம் மாவட்டம் நீண்டகரைக் கடலோரக் காவல் நிலையத்தில். கேரளப் போலீசார் இத்தாலிய வீரர் இருவரைக் கைது செய்தனர். ஆனால் புகாரை எழுதி வைப்பது எளிதாயிற்றே தவிர, விசாரிப்பது எளிதாகவில்லை.

20.5 கடல் மைல் என்பது சுமார் 38 கிலோமீட்டர். நம் ரயில் கணக்கில் கேத்தி நிலையம் இருக்கும் தூரம். ஆட்சிக் கடலோ ரன்னிமேட்டைத் தாண்டியதும் முடிந்துவிட்டது. ஆகவே இத்தாலி கூறியது: “நிகழ்ச்சி உங்கள் ஆட்சிக் கடலுக்கு வெளியே நடந்தது. கப்பல் எங்கள் கொடியைத் தாங்கியது. வீரர்கள் எங்கள் அரசின் பணியாளர்கள். நாங்களே விசாரிப்போம்.” இந்தியா கூறியது: “இறந்தவர்கள் எங்கள் குடிமக்கள். படகு எங்களுடையது. இடமும் எங்கள் அண்டைக் கடலுக்கு உட்பட்டது. நாங்களே விசாரிப்போம்.”

2013 ஜனவரி 18ஆம் நாள் நம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தலைமை நீதிபதி அல்தமாஸ் கபீர், நீதிபதி செலமேஸ்வர் ஆகியோர் அமர்ந்த அமர்வு அது. கேரள மாநிலத்திற்கு இவ்வழக்கில் அதிகாரம் இல்லை. மாநிலத்தின் அதிகாரம் ஆட்சிக் கடலோடு நின்றுவிடுகிறது. அதற்கு அப்பால் பேசத்தக்கது இந்திய ஒன்றிய அரசு மட்டுமே என்று அது கூறியது. இந்தியத் தண்டனைச் சட்டத்தைத் தனிப் பொருளாதார மண்டலம் வரை நீட்டி மத்திய அரசு 1981இல் வெளியிட்டிருந்த அறிவிக்கையையும் நீதிமன்றம் எடுத்துக்காட்டியது. தனி நீதிமன்றம் அமைத்து விசாரிக்குமாறு ஆணையிட்டது. அதிகார வரம்பு பற்றிய ஆட்சேபணையை இத்தாலி அங்கே மீண்டும் எழுப்பலாம் என்றும் இடமளித்தது.

அந்த விசாரணை தொடங்கி முடியவேயில்லை. எந்தச் சட்டத்தின் கீழ் குற்றம் சாட்டுவது என்பதிலேயே மாதங்கள் கழிந்தன. கடல் பயணப் பாதுகாப்புக்கு எதிரான செயல்கள் பற்றிய 2002ஆம் ஆண்டுச் சட்டம் முதலில் கையில் எடுக்கப்பட்டது. மரண தண்டனைக்கும் இடமளிக்கும் சட்டம் அது என்று இத்தாலி எதிர்த்தது. 2014இல் மத்திய அரசு அச்சட்டத்தைக் கைவிட்டது. 2015இல் இத்தாலி கடற்சட்ட உடன்படிக்கையின்படி நடுவர் மன்றத்தை நாடியது.

நடுவர் மன்றம் 2020 மே 21ஆம் நாள் தீர்ப்பளித்தது. சுடுதல் இத்தாலியக் கப்பலில் தொடங்கி இந்தியப் படகில் முடிந்தமையால், இரு நாடுகளுக்கும் அதிகாரம் உண்டு என்று அது கண்டது. ஆயினும் அவ்வீரர்கள் தம் அரசின் கடமையில் இருந்தவர்கள். எனவே அயல்நாட்டு நீதிமன்ற விசாரணையிலிருந்து அவர்களுக்கு விலக்கு உண்டு என்று பெரும்பான்மை நடுவர்கள் கருதினர். அதேவேளையில், படகு தடையின்றிச் செல்லும் உரிமையை இத்தாலி மீறியது. உயிரிழப்பிற்கும் காயத்திற்கும் மனவேதனைக்கும் இழப்பீடு தர வேண்டும் என்றும் தீர்ப்பாயிற்று.

இத்தாலி 10 கோடி ரூபாய் தந்தது. இரு குடும்பங்களுக்கும் தலா 4 கோடியும், படகு உரிமையாளருக்கு 2 கோடியும் என வகுக்கப்பட்டது. 2021 ஜூன் 15ஆம் நாள் உச்ச நீதிமன்றம் இந்திய வழக்கை முடித்துவைத்தது. 2022 தொடக்கத்தில் ரோம் நகரிலும் வழக்கு விசாரணைக்கு வராமலேயே முடிக்கப்பட்டது.

தோழியரே, இங்கே சற்று நின்று எண்ணிப் பாருங்கள். பத்தாண்டுகள் வழக்கு நடந்தது. கேரளம், டெல்லி, ஐரோப்பா என்று எத்தனையோ மன்றங்கள் கூடின. ஆனால் “அந்த மாலையில் அவர்கள் ஏன் சுட்டார்கள்? அது குற்றமா, தவறுதலா?” என்னும் கேள்வியை, சாட்சிகளை முழுமையாக விசாரித்து, எந்தக் குற்றவியல் நீதிமன்றமும் தீர்க்கவில்லை. “கேட்பதற்கு யாருக்கு உரிமை?” என்ற கேள்வியே காலம் முழுவதையும் எடுத்துக்கொண்டது. பணம் கிடைத்தது, மகனை இழந்த வீட்டிற்கு அதுவும் தேவையே. ஆனால் நடந்தது என்ன என்று ஒரு நீதிபதியின் வாயால் கேட்கும் ஆறுதல் அவ்வீடுகளுக்குக் கிடைக்கவில்லை.

தூத்துக்குடிக்கு வந்த ஆயுதக் கப்பல்

குற்றம் சாட்டப்பட்டவர்கள் துன்புற்ற கதையும் உண்டு. அதுவும் நம் தமிழ்நாட்டிலேயே நடந்தது.

2013 அக்டோபர் 12ஆம் நாள் இந்தியக் கடலோரக் காவல் படை ‘சீமேன் கார்டு ஓஹையோ’ என்னும் கப்பலை மடக்கித் தூத்துக்குடித் துறைமுகத்திற்குக் கொண்டுவந்தது. அது சியரா லியோன் நாட்டுக் கொடி தாங்கியது. கப்பலில் 35 பேர் இருந்தனர். அவர்களுள் 25 பேர் ஆயுதக் காவலர்கள். இந்தியர், பிரிட்டிஷார், எஸ்தோனியர், உக்ரேனியர் எனப் பல நாட்டவர் கலந்திருந்தனர். துப்பாக்கிகளும் ஐயாயிரத்திற்கு மேற்பட்ட தோட்டாக்களும் கப்பலில் இருந்தன. வணிகக் கப்பல்களுக்குக் காவல் தருவதே தங்கள் தொழில் என்றும், எரிபொருள் இன்றி இக்கட்டில் இருந்ததாகவும் அவர்கள் கூறினர். இந்தியக் கடலில் அனுமதியின்றி ஆயுதம் வைத்திருந்ததாக அவர்கள் மீது வழக்குத் தொடரப்பட்டது.

கப்பல் நின்ற இடம் 12 கடல் மைலுக்கு உள்ளேயா, வெளியேயா? உள்ளே என்றால், அது தீங்கற்ற கடப்பா, அன்றா? வழக்கின் உயிர்நாடி இதுவே. 2014இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆயுதச் சட்டக் குற்றச்சாட்டை நீக்கியது. 2015இல் உச்ச நீதிமன்றம் அதனை மீட்டு விசாரணை நடத்தச் சொன்னது. 2016 ஜனவரியில் தூத்துக்குடி நீதிமன்றம் 35 பேருக்கும் ஐந்தாண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. 2017 நவம்பர் 27ஆம் நாள் மதுரைக் கிளை அனைவரையும் விடுதலை செய்தது.

நான்காண்டுகள் அம்மனிதர்கள் சிறையும் வழக்குமாகக் கழித்தார்கள். கடலோரத்தைக் காக்கும் நாட்டின் அச்சம் நியாயமானதே. 2008 நவம்பரில் மும்பையைத் தாக்கியவர்கள் கடல் வழியே வந்ததை எவர் மறக்க முடியும்? எனினும் ஐயம் வேறு, மெய்ப்பிப்பு வேறு. கோடு எங்கே என்று தெளிவாகக் காட்டும் கடமை, குற்றம் சாட்டும் அரசையே சாரும்.

கடற்கொள்ளையரும் நம் சட்டமும்

கொடி நாடே விசாரிக்க வேண்டும் என்னும் விதிக்குப் பழைமையான விலக்கு ஒன்று உண்டு. அதுவே கடற்கொள்ளை. கடற்கொள்ளையர் மனிதகுலம் முழுவதற்கும் பகைவர் என்பது பழங்காலக் கொள்கை. ஆகவே பொதுக்கடலில் எந்நாட்டுப் போர்க்கப்பலும் அவர்களைப் பிடிக்கலாம். பிடித்த நாட்டு நீதிமன்றம் தண்டிக்கலாம்.

ஆனால் உலகச் சட்டம் ‘தண்டிக்கலாம்’ என்றால் மட்டும் போதாது. தன் நாட்டிலும் அதற்கென்று சட்டம் இருக்க வேண்டும். இதனை நாம் கற்றது ‘அலோண்ட்ரா ரெயின்போ’ கப்பலால்.

1999 அக்டோபரில் இந்தோனேசியாவிலிருந்து அலுமினியப் பாளங்களுடன் புறப்பட்ட அந்த ஜப்பானியருடைய கப்பலைக் கொள்ளையர் கைப்பற்றினர். மாலுமிகள் 17 பேரையும் மிதவையில் இறக்கிக் கடலில் விட்டனர். பல நாட்கள் தத்தளித்த அவர்களைத் தாய்லாந்து மீனவர் காப்பாற்றினர். கொள்ளையர் கப்பலின் பெயரை மாற்றி எழுதித் தப்பிச் சென்றனர். நவம்பரில் நம் கடலோரக் காவல் படையும் கடற்படையும் அரபிக் கடலில் துரத்திப் பிடித்தன. உலகமே பாராட்டியது. 2003இல் மும்பை நீதிமன்றம் கொள்ளையருக்கு ஏழாண்டுச் சிறை விதித்தது. 2005இல் உயர் நீதிமன்றத்தில் அவர்கள் விடுதலை பெற்றனர். கடற்கொள்ளைக்கென்றே தனிச் சட்டம் அந்நாளில் இந்தியாவில் இல்லை. நிலத்துக் கொள்ளைக்கு எழுதிய பிரிவுகளைக் கொண்டே வழக்காட வேண்டியிருந்தது. பிடிக்கத் துப்பாக்கி இருந்தது. தண்டிக்கச் சட்டம் இல்லை!

அக்குறையை நீக்கவே கடற்கொள்ளைத் தடுப்புச் சட்டம், 2022, இயற்றப்பட்டது. 2022 டிசம்பரில் பாராளுமன்றம் அதனை நிறைவேற்றியது. கடற்கொள்ளைக்கு ஆயுள் தண்டனை வரை விதிக்கலாம். உயிர்ப்பலி நேர்ந்தால் மரண தண்டனைக்கும் இடமுண்டு. பிடிபட்டவர் எந்நாட்டவராயினும், இதற்கெனக் குறிக்கப்பட்ட நீதிமன்றம் விசாரிக்கலாம்.

விரைவிலேயே அதற்கு வேலை வந்தது. 2023 டிசம்பரில் மால்ட்டா நாட்டுக் கொடியுடன் சென்ற ‘ருவென்’ என்னும் கப்பலைச் சோமாலியக் கொள்ளையர் பிடித்தனர். 2024 மார்ச் 16ஆம் நாள், நம் கரையிலிருந்து சுமார் 2,600 கிலோமீட்டர் தொலைவில், ‘ஐ.என்.எஸ். கொல்கத்தா’ போர்க்கப்பல் ஏறத்தாழ 40 மணி நேர முயற்சிக்குப்பின் அதனை மீட்டது. மாலுமிகள் 17 பேரும் உயிருடன் காப்பாற்றப்பட்டனர். சரணடைந்த கொள்ளையர் 35 பேரும் மும்பைக்குக் கொண்டுவரப்பட்டுப் போலீசாரிடம் ஒப்படைக்கப்பட்டனர். இம்முறை கையில் சட்டம் இருந்தது.

பயணியாக ஏறிய பகைவரும் எண்ணெய் மேடைகளும்

கடற்கொள்ளை என்பதன் இலக்கணம் மிகக் குறுகியது. ஒரு கப்பலிலிருந்து மற்றொரு கப்பலைத் தாக்க வேண்டும். சொந்த லாபத்திற்காகவோ தனிப்பட்ட நோக்கத்திற்காகவோ செய்ய வேண்டும். பயணச் சீட்டு வாங்கி ஏறியவரே கப்பலைக் கைப்பற்றினால்? 1985 அக்டோபரில் மத்தியதரைக் கடலில் ‘அக்கில்லே லவ்ரோ’ என்னும் இத்தாலியப் பயணிக் கப்பலில் அதுவே நடந்தது. பயணிகளாக ஏறிய பாலஸ்தீன ஆயுதக் குழுவினர் கப்பலைக் கைப்பற்றினர். சக்கர நாற்காலியில் இருந்த முதிய அமெரிக்கப் பயணி ஒருவரைக் கொன்று கடலில் தள்ளினர்.

அந்த நிகழ்ச்சியால் விழித்துக்கொண்ட நாடுகள் 1988 மார்ச்சில் ரோம் நகரில் புதிய உடன்படிக்கை செய்தன. கடற்பயணத்திற்கு ஆபத்து விளைவிப்பவர் எந்நாட்டில் காணப்படுகிறாரோ அந்நாடு அவரை விசாரிக்க வேண்டும். இல்லையேல் விசாரிக்கும் நாட்டிடம் ஒப்படைக்க வேண்டும் என்பதே அதன் சாரம். நம் 2002ஆம் ஆண்டுச் சட்டம் அதன் வழி வந்ததே.

அந்த உடன்படிக்கையோடு இணைந்த மற்றோர் ஏட்டில் கடலில் நாட்டப்பட்ட மேடைகளுக்கும் பாதுகாப்பு உண்டு. 1974இல் எண்ணெய் காணப்பட்ட ‘பாம்பே ஹை’ வயல் மும்பைக் கரையிலிருந்து சுமார் 160 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. ஆட்சிக் கடல் முடிந்து நெடுந்தூரம் சென்ற பிறகே அது வருகிறது. அங்கே நம் தொழிலாளர் இரவும் பகலும் கடல் நடுவே வேலை செய்கின்றனர். அத்தகைய மேடைகளைச் சுற்றி 500 மீட்டர் வரை பாதுகாப்பு வளையம் வகுக்கவும், அங்கே நடக்கும் குற்றத்தை விசாரிக்கவும் கரை நாட்டிற்கு உரிமை உண்டு. நம் வீட்டு அடுப்பில் எரியும் எரிவாயுவில் ஒரு பங்கு, எந்தக் கரையிலிருந்தும் கண்ணுக்குத் தெரியாத இடத்திலிருந்து வருகிறது.

நாம் கற்றது

இந்த வழக்குகளைப் படித்து முடித்தபோது எங்களுக்கு மூன்று உண்மைகள் புலனாயின.

முதலாவது, வலிமை வேறு, அதிகாரம் வேறு. கொள்ளையரைப் பிடிக்கும் கப்பல் இருந்தும், தண்டிக்கும் சட்டம் இல்லாமல் ஒருமுறை நாம் வெறுங்கையோடு நின்றோம். சட்டம் குற்றத்திற்கு முன்னே எழுதப்பட்டிருக்க வேண்டும்.

இரண்டாவது, துயரம் நம்முடையது என்பதால் மட்டும் தீர்ப்பும் நம்முடையதாகிவிடாது. நாளை நம் மாலுமி ஒருவர் அயல்நாட்டுத் துறைமுகத்தில் கைதானால், “உங்களுக்கு என்ன உரிமை?” என்று நாமும் கேட்போம் அல்லவா? நாம் கேட்க விரும்பும் கேள்வியைப் பிறரும் கேட்க விடுவதே நியாயம்.

மூன்றாவது, எல்லையைப் பற்றிய வாதம் அவசியமானதே. ஆனால் அதுவே முடிவில்லாமல் நீண்டால், நீதி கேட்டு வந்தவர் வாசலிலேயே நின்று வாடிவிடுவர். வழக்கை எந்த வாசலில் கொடுப்பது என்று தெளிவாக எழுதி வைப்பது, கரையில் காத்திருக்கும் தாய்க்கும் மனைவிக்கும் செய்யும் பேருதவி.

தங்கையின் கேள்விக்கு இப்போது எங்கள் விடை இதுதான்: “புகாரை எந்தக் கடலோரக் காவல் நிலையத்திலும் எழுதி வைக்கலாம், தங்கையே. ஆனால் அது தீர்ப்பாக மாறுவதற்குக் கோடும், கொடியும், முன்னரே எழுதிய சட்டமும் வேண்டும்.”

அவள் உடனே மறுகேள்வி கேட்டாள்: “அந்தச் சட்டத்தை யார் எழுதுவார்கள்?” நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நம் பள்ளியிலிருந்து ஆசிரியைகளும் செவிலியரும் வந்திருக்கிறார்கள். சோலூர்ப் பெண் ஒருத்தி கடற்சட்டம் பயின்று வழக்காடக் கூடாது என்று எந்த மலையும் தடுக்கவில்லை.

சிந்தனைக்குச் சில வினாக்கள்

1. கரையிலிருந்து 30 கிலோமீட்டரில் அயல்நாட்டுக் கப்பல் ஒன்று கள்ளக்கடத்தல் பொருளுடன் நிற்கிறது. அது எந்த மண்டலம்? நம் சுங்க அதிகாரிகள் தடுக்கலாமா?

2. ‘செயின்ட் ஆன்டணி’ படகு கரையிலிருந்து 10 கடல் மைலில் இருந்திருந்தால், கேரள மாநிலத்தின் நிலை எவ்வாறு மாறியிருக்கும்?

3. பயணியாக ஏறியவர் கப்பலைக் கைப்பற்றினால் அதைக் கடற்கொள்ளை என்று ஏன் சொல்ல இயலாது?

4. “குற்றவாளி தப்பினாலும் தப்பட்டும், அதிகாரம் இல்லாத நீதிமன்றம் தண்டிக்கக் கூடாது.” இக்கூற்றை ஏற்கிறீர்களா? வீட்டில் அப்பா, அம்மாவுடன் கலந்து பேசி ஒரு பக்கத்தில் எழுதுக.